மேனேஜர் கேட்ட அரிசி

ரங்கூனில் பசுந்தாங் கால்வாய்க் கரையில் ஒற்றைச் சிம்னி மில் என்று ஓர் அரிசி ஆலை இருந்தது. அந்த மில்லுக்கு ஒரு பந்தாட்ட அணி. அந்த அணிக்கு மேனேஜர் சபாபதி.

மேனேஜர் என்றதும் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் என்று எண்ணிவிட வேண்டாம். பகலெல்லாம் அவர் எடைக் கொட்டகையில் நெல் மூட்டைகளை நிறுத்து விடுகிற சாதாரணக் கிளார்க். சாயங்காலம் மில் சங்கு ஊதியதும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் இருந்த மைதானத்துக்குப் போவார். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். யார் எந்த இடத்தில் ஆடுவது, யார் உட்காருவது, யார் எத்தனை சுற்று ஓடுவது எல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். இத்தனைக்கும் அவர் ஒரு நாளும் பந்தை உதைத்தவர் இல்லை. இளவயதில் துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்ததில் இடது முழங்கால் மடங்காமலே போயிற்று. ஓட முடியாதவர் என்பதாலோ என்னவோ, ஓடுகிறவர்களைப் பார்க்க அவருக்குச் சலிக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் மழைக்காலப் போட்டியில் மில் அணி கடைசி ஆட்டம் வரை போயிற்று. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த டாலாக்காரர்களிடம் ஒரே ஒரு கோலில் கோப்பையை விட்டார்கள். விட்டால் என்ன? வெறுங்காலோடு ஆடுகிற கூலிக்காரப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் வந்ததே பெரிசு என்று ரங்கூனில் இருந்த தமிழர்களெல்லாம் கொண்டாடினார்கள். அதிலும் இடது ஓரத்தில் ஆடுகிற லெப்ட் அவுட் மாரிச்சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு கால்வாய்ப் பாலம் வரை போனார்கள். மாரிச்சாமி கறுத்து மெலிந்தவன். ஓரத்துக் கோட்டை ஒட்டி அவன் பந்தோடு போகும்போது எதிராளி கால் நீட்டுவான், கால் நீட்டிய இடத்தில் மாரிச்சாமி இருக்க மாட்டான்.

அடுத்த வாரம் மில் முதலாளி ஊ தா தின் சபாபதியைக் கூப்பிட்டனுப்பினார். சபாபதியை அவர் பர்மியர் வழக்கப்படி மரியாதையாக ‘சயா’ என்றுதான் அழைப்பார்.

“ரொம்பச் சந்தோஷம், சயா. உங்க ஆளுங்களுக்கு என்ன செய்யட்டும், கேளுங்க.”

சபாபதி மனதில் பூட்ஸ் இருந்தது. பதினொரு ஜோடி பூட்ஸ். ஆனால் வாய் திறந்தபோது வேறொன்று வந்தது. கடைசி ஆட்டத்தில் வேலி ஓரமாக நின்ற ஒரு கும்பல், “ஓடுடா புழுங்கல் மூட்டை, ஓடு!” என்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது அவருக்கு ஆறவே இல்லை. கூலிகள் தங்கும் கொட்டடியில் வேகிற மட்டமான புழுங்கலரிசியின் வாடை தெரு முனைக்கே வரும். அது அவர்களுடைய சட்டையிலும் தலைமயிரிலும்கூட ஏறிக் கிடந்தது. “நாம அரைச்சு வெள்ளையா ஆக்கற அரிசியெல்லாம் கப்பலேறிப் போகுது. நாம ஒரு நாளாச்சும் அதைத் தின்னு பாக்கணும்ணே” என்று மாரிச்சாமி விளையாட்டாகச் சொன்னது வேறு நினைவில் இருந்தது.

“முதலாளி, நம்ம மில்லுல தீட்டுற முதல் தர வெள்ளை அரிசி, அதைக் கொட்டடியில இருக்கற நம்ம ஆட்டக்காரங்க பதினெட்டுப் பேருக்கும் தினம் போடணும்.”

ஊ தா தின் சிரித்துவிட்டார். “இவ்வளவுதானா?”

அடுத்த பருவத்துக்குத் தயாராகும்போது, தமிழ் வருஷப் பிறப்பன்று கொட்டடியில் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் தனி உலை ஏறியது. மல்லிகைப் பூவைக் கொட்டியதுபோல் இலையில் விழுந்த சோற்றைப் பார்த்து கோல்கீப்பர் அய்யாசாமி கை வைக்கவே கூசினான். “அண்ணே, இது கல்யாணச் சோறுண்ணே” என்றான். சபாபதி வாசற்படியில் நின்று பதினெட்டுப் பேரும் உண்டு எழும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் மனைவி கமலாட்சியிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வைகாசியில் போட்டிகள் தொடங்கின. முதல் மூன்று ஆட்டங்களும் மில் அணிக்கே. இந்தத் தடவை கோப்பை பசுந்தாங்குக்குத்தான் என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். நான்காவது ஆட்டத்தில் கியாக்தானிலிருந்து வந்த, ஒரு கணக்கிலும் சேராத அணியோடு சமன். ஐந்தாவது தோல்வி. ஆறாவதும் தோல்வி.

தோற்றது பெரிதல்ல. தோற்ற விதம்தான் சபாபதிக்குப் புரியவில்லை. ஆட்டக்காரர்கள் பந்துக்கு ஓரடி பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். பாதி ஆட்டத்துக்குள் மூச்சு வாங்கியது. “காலுல ஈயம் கட்டினாப்பல இருக்குண்ணே” என்றான் ஒருவன். இன்னொருவன் தரை பஞ்சு மாதிரி இருக்கிறது என்றான். அய்யாசாமியின் உள்ளங்காலில் ஒருநாள் கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் சொல்லித்தான் அவனுக்கே தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவன் உள்பட.

சபாபதிக்கு ஒரே விளக்கம்தான் தோன்றியது. “வெள்ளைச் சோறு தின்னுட்டு உடம்பு வளைய மாட்டேங்குது உங்களுக்கு. புழுங்கல் தின்னப்ப குதிரையாட்டம் ஓடினீங்க. இப்ப மாப்பிள்ளை முறுக்கு.”

தான் எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

காலையில் மில் வேலைக்குமுன் மூன்று மைல் ஓட்டம் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை ரத்து செய்துவிட்டுப் பயிற்சி வைத்தார். அதனால் மாரிச்சாமிக்குத்தான் அதிக வருத்தம். அவனுடைய அக்காள் வேலம்மா ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் இருந்தாள்; புருஷனும் அவளுமாகக் கீரை, காய் பயிரிட்டு விற்பார்கள். ஞாயிறுதோறும் சம்பான் படகு ஏறிப் போய் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வருவது அவன் வழக்கம்.

“ஒரு வேளை போயிட்டு வந்துடறேண்ணே. அக்கா பயறு வேக வச்சு வச்சிருக்கும்.”

“ஆவணி வரைக்கும் ஆத்தைத் தாண்டக் கூடாது. கோப்பையோட போடா, உங்கக்கா இன்னும் சந்தோஷப்படும்.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றான். மேனேஜர் சொல்லுக்கு மறுசொல் சொல்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

ஏழாவது, எட்டாவது ஆட்டங்களும் போயின. டீக்கடைப் பேச்சு மாறியது. மேனேஜர் தன் ஊர்க்காரர்களுக்கே இடம் கொடுக்கிறார் என்றார்கள். ஓட முடியாத நொண்டிக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். சபாபதி வீதியில் நடந்தால் பேச்சு சட்டென்று நிற்கும். அணியில் பழையபடி ஆடியவன் கேப்டன் அப்துல் ரவூப் ஒருவன்தான். அவன் கொட்டடியில் இல்லை. தாயார் ஹமீதுன்னிசாவோடு சந்தைப் பக்கம் குடியிருந்தான். “ரவூபைப் பாருங்கடா, அவனுக்கும் உங்களுக்கும் ஒரே காலுதானே?” என்று சபாபதி மற்றவர்களிடம் கேட்டார். 

ஆடிப் பதினெட்டன்று கமலாட்சி சித்திரான்னம் செய்து மாரிச்சாமியையும் அய்யாசாமியையும் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து இலையை மடித்தான் மாரிச்சாமி. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. மறுபடி முயன்றான். பிறகு தன் தொடையிலேயே கையை ஊன்றி, சுவரைப் பிடித்து, ஏணி ஏறுகிறவன்போல் தன் உடம்பின்மேல் தானே ஏறி நின்றான். வெட்கத்தோடு, “அண்ணி சாப்பாடு கனமா இறங்கிடுச்சு” என்று சொல்லிச் சிரித்தான். அவன் நின்றிருந்த இடத்தில் கமலாட்சி குனிந்து கணுக்காலுக்கு மேலே விரலால் அமுக்கினாள். விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே இருந்தது.

அவர்கள் போனதும் கணவனிடம் வந்தாள்.

“இந்தாங்க, அந்தப் புள்ளைக்கு உடம்புல நீர் கோத்திருக்கு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“சனிக்கிழமை டாலா மேட்சு. அவன் இல்லாம ஆட முடியாது. முடிஞ்சதும் திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.”

“திங்கக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கிடக்கே.”

“நாலு நாள்ல என்னடி ஆயிடும்?”

அவள் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை வானம் மூடியிருந்தது. மைதானத்தில் கணுக்கால் அளவு சேறு. வேலி ஓரத்தில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். டாலாவை வென்றுவிட்டால் இந்த வருஷத்து அவமானமெல்லாம் கழுவிப் போய்விடும் என்று சபாபதி நம்பினார். முதல் பாதியில் இரண்டு கோல் விழுந்தது. மாரிச்சாமி நாலைந்து தரம் பந்தை வாங்கினான். வாங்கிய ஒவ்வொரு தரமும் பத்தடி போவதற்குள் பறிகொடுத்தான். ஒரு தரம் யாரும் தொடாமலே விழுந்தான்.

பாதி நேரத்தில் அவன் சபாபதியின் பக்கத்தில் வந்து குந்தினான். உதடு நீலம் பாரித்திருந்தது.

“அண்ணே, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நான் வெளியில உக்காந்துக்கட்டா?”

அந்தக் காலத்தில் ஒருவன் வெளியேறினால் அவனுக்குப் பதிலாக வேறு ஆள் இறங்க முடியாது. பத்துப் பேரோடுதான் ஆடவேண்டும். சபாபதி வேலிப் பக்கம் பார்த்தார். யாரோ அவர் பெயரைச் சொல்லி, கொச்சையாக ஏதோ கத்தினான். கும்பல் கைதட்டிச் சிரித்தது.

“இன்னும் அரை மணி நேரம்டா, மாரி. பல்லைக் கடிச்சுக்க. ஓட வேணாம், சும்மா ஓரத்துல நில்லு. நீ நின்னாலே ரெண்டு பேர் உன்னைக் காவல் காப்பான்.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரிண்ணே” என்றான்.

ஓரத்தில் நில் என்று சொன்னால் நிற்கிறவனா அவன்? பந்து வந்தபோதெல்லாம் ஓடினான். நான்கு கோலில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் ரவூபும் இன்னொருவனும் கைத்தாங்கலாக அவனைக் கொட்டடிக்குக் கொண்டு போனார்கள். ஞாயிறு முழுவதும் அவனால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு விட்டான். திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் குதிரை வண்டியில் கொண்டு போகும்போது சபாபதியின் தோளில் தலையை வைத்திருந்தான். “அடுத்த மேட்சுக்குச் சரியாயிடும்ணே” என்றான். மத்தியானம் செத்துப் போனான். வயது இருபத்து நான்கு.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒரு வங்காளி டாக்டர். இறந்தவனின் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, வராந்தாவில் நின்ற ஆட்டக்காரர்களை வரிசையாகக் குந்தி எழச் சொன்னார். அய்யாசாமி குந்தினான், எழ முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தான். இன்னும் ஐந்து பேர் சுவரைத் தேடினார்கள். ரவூப் ஒருவன் சட்டென்று எழுந்தான்.

“நீ எங்கே சாப்பிடுகிறாய்?” என்று கேட்டார் டாக்டர்.

“வீட்டுல, சார். அம்மா சமைக்கும்.”

“என்ன அரிசி?”

“புழுங்கல்தான். எங்களுக்கு அதுதான் கட்டுப்படி.”

“மற்றவர்கள்?”

சபாபதி முன்னால் வந்தார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: “முதல் தர வெள்ளை அரிசி, சார். மூணு தரம் தீட்டினது. கப்பலுக்குப் போறது. கூடத் தொட்டுக்க ரசம், கருவாடு.”

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். இது பெரிபெரி. நெல்லின் உமிக்கும் உள்ளே இருக்கிற வெள்ளை அரிசிக்கும் நடுவே இருக்கிற தவிட்டில்தான் உயிர்ச்சத்து இருக்கிறது. தீட்டத் தீட்ட அது போய்விடும். புழுக்கிய அரிசியில் போகாது. காய், பயறு நிறையத் தின்கிறவனுக்கும் கவலையில்லை. வெறும் வெள்ளைச் சோற்றைத் தின்று கடுமையாக ஓடுகிறவனுக்கு முதலில் கால் மரத்துப் போகும், பிறகு இதயம் வீங்கும்.

“இவன் சனிக்கிழமை ஆடினானா?”

“ஆடினான், சார்.”

“இந்த நிலைமையில் யார் ஆடச் சொன்னது?”

“நான்தான்.”

டாக்டர் குனிந்து காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே சபாபதி கொட்டடியில் அந்தத் தனி உலையை இறக்கிவிட்டார். எல்லோருக்கும் பழைய புழுங்கல், கூடவே பாசிப்பயறு, தவிட்டுக் கஞ்சி. முதலாளியிடம் போய்க் காரணத்தையும் சொன்னார். ஊ தா தின் நெற்றியைத் தடவிக்கொண்டு, “நல்லது செய்யப் போய் இப்படி ஆயிற்றே, சயா” என்றார். உண்மையாகவே வருந்தினார். பிறகு, “வெள்ளை அரிசியைப் பற்றி வெளியே அதிகம் பேச வேண்டாம். நம் தொழிலே அதுதான்” என்றும் சொன்னார்.

ஆட்டக்காரர்களிடம் விளக்கிச் சொல்ல சபாபதி முயன்றார். அவர்கள் நம்பவில்லை. அரிசி எப்படி ஆளைக் கொல்லும்? மாட்டுக்கும் பன்றிக்கும் போடுகிற தவிட்டை மனுஷனுக்குக் கஞ்சியாக ஊற்றுகிறாரே என்று முகத்தைச் சுளித்தார்கள். தோற்றதற்குத் தண்டனையாக மேனேஜர் சோற்றில் கை வைத்துவிட்டார் என்ற பேச்சு இரண்டே நாளில் பசுந்தாங் முழுக்கப் பரவியது.

மாரிச்சாமியின் பதினாறாம் நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழர் சங்கக் கட்டடத்தில் பந்தாட்டக் கமிட்டி கூடியது. தலைவர் அப்பாசாமி, மில்லுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் பெரிய மேஸ்திரி. கூடம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

“ஒம்பது ஆட்டத்துல அஞ்சு தோல்வி” என்று அப்பாசாமி தொடங்கினார். “போன வருஷம் இதே ஆளுங்க. இதே மைதானம். என்ன மாறிப் போச்சு? மேனேஜர் பதில் சொல்லணும்.”

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஊர்க்காரர்களுக்குப் பாரபட்சம் காட்டினார் என்றார் ஒருவர். கோல்கீப்பரை மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை என்றார் இன்னொருவர். அதிகாலையில் ஓட விட்டே ஆட்டக்காரர்களின் சக்தியை உறிஞ்சிவிட்டார் என்றார் மூன்றாமவர். நடுவில் ஆடுகிற அமீர் அலி எழுந்தான். அவன் நல்லவன். “தோத்தோம், ஒத்துக்கறோம். ஆனா அதுக்காக எங்க சோத்துல கை வைக்கலாமா? ஆசையா ஒரு அரிசி தின்னோம். அதையும் புடுங்கிட்டாரே!”

கூடம் இரைந்தது. சபாபதி மூலையில் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர்கள் சொன்ன குற்றங்களை ஒவ்வொன்றாக மனதில் புரட்டிப் பார்த்தார். பாரபட்சம் அவர் செய்யவில்லை. கோல்கீப்பரை மாற்றாததும் தவறில்லை. அய்யாசாமியை விட்டால் ஆள் இல்லை. அதிகாலை ஓட்டம் மட்டும் உண்மை.

ரவூப் எழுந்து கையமர்த்தினான்.

“கொஞ்சம் கேளுங்க. மாரியைப் பார்த்த டாக்டர் சொன்னதை நான் என் காதால கேட்டேன். இது நோவு. ஆட்டமும் தெரியாம இல்ல, சோம்பலும் இல்ல. எல்லாருக்கும் காலுல நோவு. அது மேனேஜர் குத்தமா? அவருக்கு எப்படித் தெரியும்? நம்ம புள்ளைங்க நல்லாச் சாப்பிடணும்னுதானே அந்த அரிசியைக் கேட்டாரு? அந்த மனுஷன்மேல பழி போட்டா அல்லாவுக்கே அடுக்காது.”

கூட்டம் அடங்கியது. ஒரு பெரியவர், “அறியாமச் செஞ்சது. விதி அப்படி” என்றார். “ஆமா, அவரை என்ன சொல்றது?” என்றார் இன்னொருவர். அமீர் அலி தலை குனிந்தான். அப்பாசாமிகூடக் குரலைத் தணித்துக்கொண்டு, “அப்படின்னா சரி. நோவுக்கு யார் என்ன பண்ண முடியும்? மேனேஜரே அடுத்த வருஷமும் இருக்கட்டும்” என்றார்.

அவ்வளவு நேரம் திட்டுகளைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சபாபதிக்கு இதைத் தாங்க முடியவில்லை. மடங்காத காலை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

“ரவூப் சொன்னதுல பாதிதான் உண்மை. அரிசி விஷயம் எனக்குத் தெரியாது, அது வாஸ்தவம். ஆனா புள்ளை காலு வீங்கினதைப் பார்த்து என் வீட்டுக்காரி சொன்னா. நாலு நாள் முன்னாடியே சொன்னா. மேட்ச் முடியட்டும்னேன். அக்கா வீட்டுக்குப் போயி ஒரு வேளை பயறு தின்னுட்டு வரேன்னான், ஆத்தைத் தாண்டாதேன்னேன். பாதி ஆட்டத்துல என் பக்கத்துல வந்து குந்தி, நெஞ்சு அடிச்சுக்குதுண்ணேன்னான். வெளிய உக்காந்துக்கட்டான்னு கேட்டான். இன்னும் அரை மணி நேரம்னேன்.” அவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். “மேட்ச் தோத்ததுக்கு நான் பொறுப்பில்ல. அதை எப்படி வேணா பேசிக்குங்க. இதுக்கு நான்தான்.”

 சிலர் வாசல் பக்கம் பார்த்தார்கள். அப்பாசாமி செருமினார்.

“சரி, சரி. துக்கத்துல பேசறீங்க. இதையெல்லாம் எழுத வேணாம். முதலாளிக்கும் அரிசிப் பேச்சு பிடிக்காது. அடுத்த விஷயத்துக்குப் போவோம்.”

அடுத்த விஷயம் மைதானத்து வேலி. சபாபதி நின்றபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு வெளியே வந்துவிட்டார். அவரைத் திட்ட வந்திருந்தவர்களில் ஒருவர்கூட அதன்பிறகு அவரைத் திட்டவில்லை.

அன்று மத்தியானமே சம்பான் பிடித்து டாலாவுக்குப் போனார். மழை விட்டிருந்தது. வேலம்மா வீட்டுக்குப் பக்கத்துப் பாத்தியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தம்பியை எரித்த அன்று அவளை அவர் பார்த்திருந்தார். அன்று அவளிடம் ஒன்றும் பேச வாய் வரவில்லை. இப்போது வரப்பின்மேல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் சொன்னதை அப்படியே. ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.

அவள் கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடி கேட்டாள். முடிந்ததும், “அன்னிக்கு அவன் ஆடாம இருந்திருந்தா பொழைச்சிருப்பானா?” என்றாள்.

“தெரியலம்மா. பொழைச்சிருக்கலாம். என் வீட்டுக்காரி சொன்ன அன்னிக்கே போயிருந்தா பொழைச்சிருப்பான்.”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவனுக்கு எடுத்து வச்சேன். வரல, வரலன்னு நாயிக்குப் போட்டேன்.” அவள் குரல் உயரவில்லை. “பெரிய ஆளாயிட்டான், நம்மளை மறந்துட்டான்னு நெனச்சேன். கோவத்துல ஒரு ஆளு அனுப்பிக்கூட விசாரிக்கல.”

சபாபதி கையைக் கூப்பினார். அவள் அதைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

“கையை இறக்குங்க. இதையெல்லாம் ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? இறக்கி வச்சுட்டுப் போகவா? எங்கிட்ட ஏற்கெனவே இருக்கறதே நெறயக் கெடக்கு. உங்களைத் திட்டினா உங்களுக்கு ஆறும். போகட்டும்னு சொன்னாலும் ஆறும். ரெண்டும் எனக்கு வராது.”

“ஆறணும்னு வரலம்மா. உனக்குத் தெரியணும்னு வந்தேன்.”

“தெரிஞ்சுக்கிட்டேன். போங்க.”

அவர் திரும்பிச் சில அடி நடந்தபிறகு அவள் கூப்பிட்டாள். “அந்த மத்தப் புள்ளைங்க? அவுங்க காலு எப்படி இருக்கு?”

“தேறிக்கிட்டு வருது. ஒருத்தனுக்குத்தான் இன்னும் சரியா நடக்க வரல. கோல்கீப்பர்.”

அவள் குனிந்து மறுபடி கீரை பிடுங்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் காத்து நின்றுவிட்டு சபாபதி படகுத்துறைக்குப் போனார்.

மறுவாரம் மேனேஜர் பதவி வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். அப்பாசாமி ஒப்புக்கு ஒரு தடவை மறுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். ரவூபே கேப்டனும் மேனேஜருமானான். அடுத்த வருஷத்துக்குள் கொட்டடிக்காரர்களின் கால்கள் பழைய நிலைக்கு வந்திருந்தன. மில் அணி வரிசையாக ஆறு ஆட்டங்கள் ஜெயித்தது. “பார்த்தீங்களா? மேனேஜரை மாத்தினதும் டீமே மாறிப் போச்சு. நான் அப்பவே சொன்னேன்” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அரிசி, நோவு எல்லாம் எல்லோருக்கும் மறந்துவிட்டது. நொண்டிக் கிளார்க்கால் ஒரு கோப்பை போயிற்று என்பது மட்டும் நின்றது. சபாபதி அந்தக் கடையில்தான் தினமும் டீ குடித்தார். யாரையும் அவர் திருத்தவில்லை. அவர்கள் காரணத்தைத்தான் தப்பாகச் சொன்னார்கள். ஆளைத் தப்பாகச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அய்யாசாமிக்கு மட்டும் கால் முழுக்கத் திரும்பவில்லை. பாதம் தொங்கிப் போயிற்று. முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைத்து நடந்தான். மூட்டை தூக்க முடியாதவனைக் கங்காணி கணக்குத் தீர்த்து அனுப்பப் பார்த்தபோது சபாபதி முதலாளியிடம் போய் நின்று, எடைக் கொட்டகையில் படிக்கற்களை அடுக்கித் துடைக்கிற வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தார். அவனும் சபாபதியும் பகலெல்லாம் ஒரே கூரையின் கீழ்தான். மாரிச்சாமியைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

கோப்பைக்கான கடைசி ஆட்டத்தன்று சங்கு ஊதியதும் மில் காலியாயிற்று. அய்யாசாமி படிக்கற்களை மூடிவிட்டு வந்து வாசலில் நின்றான்.

“அண்ணே, நீங்க போகலையா?”

“இல்லடா. நீ போயேன்.”

“எங்காலு அங்க வந்து சேர்றதுக்குள்ள மேட்சு முடிஞ்சிடும்.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு மெல்லச் சாக்கின்மேல் உட்கார்ந்தான். சபாபதியும் எதிரே மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தகரக் கூரையில் மழை தூற ஆரம்பித்தது. மைதானத்துப் பக்கமிருந்து பெரிய கூச்சல் ஒன்று எழுந்தது; யாரோ கோல் போட்டிருக்கிறார்கள்.

“நம்மதாண்ணே?” என்றான் அய்யாசாமி, காதைத் தீட்டிக்கொண்டு.

“தெரியலடா” என்றார் சபாபதி.

இருவரும் அடுத்த கூச்சலுக்காகக் காத்திருந்தார்கள்.